பையில் கட்டிய நோன்புக் கஞ்சி

தைரொயிட் குறைவு என்று தெரியவருவதற்கு முன்பு எனக்கிருந்த நோயின் பெயர் சோம்பல். அதைக் கண்டுபிடித்தவர் என் மதினி, கணவரின் அக்கா. முடி கொட்டியது, கண்டிக் குளிர் எலும்புவரை இறங்கியது, காலையில் கட்டிலை விட்டு எழும்புவதே பெரும்பாடாக இருந்தது. "உடுப்புக் கழுவ மெஷின் வாங்கிக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார் மதினி. கழுத்து கொஞ்சம் வீங்கியதும் சோம்பலைக் கைவிட்டுக் கண்ணூறுக்கு மாறினார். என் கழுத்தைப் பார்த்து யார் பொறாமைப்பட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் கண்டி டவுனில் ஒரு டொக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. இரத்தம் சோதித்து, வெறும் வயிற்றில் போடக் குளிசை எழுதித் தந்துவிட்டு, வீட்டு நடப்புகளை விசாரித்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. என் கணவருக்கு மடவளையில் பிளாஸ்டிக் சாமான் கடை, பின்னால் வீடு. சாமான் சுற்றி வரும் பொலித்தீனையெல்லாம் பின்னேரத்தில் குவித்துக் கொளுத்துவார். புகை நேரே நான் சமைக்கும் குசினிக்குள் வரும். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கடையில் வாங்கும் கொத்து ரொட்டி. அதுவும் ஆவி பறக்க லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றித்தான் வரும்.

"சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில போடாதேங்கோ. எரிக்கிறதையும் நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர். "அதுகளில இருக்கிற சில இரசாயனங்கள் இந்தச் சுரப்பியின்ர வேலையைக் குழப்பக்கூடும். ஆனா உங்கட வருத்தம் அதாலதான் வந்தது எண்டு உறுதியாச் சொல்லேலாது."

என் கணவரின் காதில் விழுந்தது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான். பஸ்ஸில் வாதாடிக்கொண்டே வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் பிளாஸ்டிக் விடுதலையாகிவிட்டது. "டொக்டரே உறுதியாச் செல்லல்லயே" என்பது அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பதில். எனக்காக ஒன்றே ஒன்று செய்தார். கொளுத்தப் போகுமுன், குசினி ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

பிறகு எங்களோடேயே இருக்கும் மகள் கர்ப்பமானாள். கலியாணமாகிக் காத்துக் காத்திருந்து தரித்த முதல் பிள்ளை. சோதித்தால் அவளுக்கும் தைரொயிட் குறைவு. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் தைரொயிட்தான் கைகொடுக்க வேண்டும், குளிசையைத் தவற விடக்கூடாது என்றார் அதே டொக்டர். அன்று பஸ்ஸில் என் கணவர் மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வந்தார். பின்னேரம் புகை வரவில்லை. என் கழுத்துக்கு அணையாத நெருப்பு பேரப்பிள்ளைக்கு அணைந்தது. சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன.

நோன்பு வந்தது. எங்கள் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு சட்டி போகும். இப்போது சட்டி தூக்க எல்லாருக்கும் வெட்கம். கொதிக்கும் கஞ்சியைப் பொலித்தீன் பைகளில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிறார்கள். அந்தப் பைகள் என் கணவர் செய்யும் ஸதக்கா, தர்மம். வருடா வருடம் கடையிலிருந்து கட்டுக்கட்டாகப் போகும். அதற்கு நன்மை கிடைக்கும் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முதல் நோன்பன்று அவரே ஒரு மூடிச் சட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஊர் பார்க்க அதை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"மகளுக்கு இதுல வார்த்துக் குடு. பேக்ல உள்ளது வாணாம்."

எனக்கு மனம் இளகிவிட்டது. அப்போதுதான் வாசல் கேற்றுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டு மருமகள் சூடு தாங்காமல் கஞ்சிப் பையைக் கைமாற்றி மாற்றிப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சி.

"இந்த வருஷமும் பேக் குடுத்தீங்களா?"

"குடுக்காம? ஊருக்கே போதுமான அளவு குடுத்தீக்கி."

"அந்தப் புள்ளையும் வயித்தோடதானே ஈக்குது?"

அவர் கேற்றைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "டொக்டர் உறுதியாச் செல்லல்லயே" என்றார்.

அன்று நோன்பு திறந்தபோது கஞ்சி எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதற்குக் காரணம் தைரொயிட் இல்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.