ரிட்டர்ன் கட்டில் போன தாலி

போன வருடம் வைகாசியில், என் தம்பி கல்யாணத்துக்கு முதல் நாள் நடந்தது இது. கும்பகோணத்தில் ஆசாரியிடம் தாலியை வாங்கிக்கொண்டு குத்தாலத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு மினி பஸ்தான்.

கையில் தங்கம் இருப்பது பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது என் திட்டம். அதனால் தாலி வைத்த சின்னத் துணிப் பர்ஸை அன்றைய பேப்பருக்குள் வைத்து மடித்துப் பிடித்திருந்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

பஸ் நிறுத்தத்தில் ஒரு பேப்பர் கடை. எங்கள் பக்கத்தில் அந்தக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. தஞ்சாவூரில் ஓர் அம்மா தரையில் சாக்கு விரித்துப் பேப்பர் விற்று ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேட்கக் கேட்க பிஸ்கட், தண்ணீர் பாட்டில், சீப்பு, செல்போன் சார்ஜர் என்று சேர்த்துக்கொண்டே போனார். அடுத்தது கும்பகோணம், பிறகு திருப்பனந்தாள், குத்தாலம், பேராவூரணி. இன்றைக்கு எந்த ஊரில் இறங்கினாலும் அவர் கடை இருக்கிறது. காலையில் எல்லாக் கடைக்கும் பேப்பர் பஸ்ஸில் வரும். விற்காததைச் சாயங்காலம் ரிட்டர்ன் கட்டாகக் கட்டி பஸ்ஸிலேயே தஞ்சாவூருக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

அங்கே தண்ணீர் வாங்கும்போது என் பேப்பரை அவர்கள் பேப்பர் அடுக்கின்மேல் வைத்தேன். மினி பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

வீட்டில் அம்மா, "தாலி எங்கடி?" என்றதும்தான் எனக்கு உயிரே போனது. மாமா பைக்கை எடுத்தார். கடைக்குப் பறந்தோம்.

கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அக்கா, மடிச்ச பேப்பர் ஒண்ணு கெடந்துச்சு. நம்ம விக்காத பேப்பர்னு நெனச்சு கட்டுல சேத்துட்டேன். கட்டு இப்பதான் தஞ்சாவூர் பஸ்ல போவுது" என்றாள்.

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யார்கிட்ட கதை வுடுற? மொதல்ல உன் பையத் தொற" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. நான் அழுதுகொண்டு நின்றேனே தவிர, மாமாவைத் தடுக்கவில்லை.

அவள் தஞ்சாவூர் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, "நீ பையத் தொறக்காத தாயி. கட்டு வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே திரும்பப் போன் செய்து, தான் சொன்னபடி கும்பகோணம் கடைக்காரர் பஸ்ஸிலிருந்து கட்டை இறக்கிவிட்டார் என்றார். "அங்கயே கயித்த அறுத்துப் பாக்கச் சொல்லுங்க!" என்று மாமா குதித்தார்.

"இல்லீங்க. கட்டுல ஒரு பிரச்சனைன்னா, கட்டுனவங்க முன்னாடிதான் பிரிப்போம். ரெண்டாவது கடை போட்டப்ப கட்டுல பேப்பர் கொறையுதுன்னு ஒருத்தர ஒருத்தர் கைகாட்டி, ஒரு நல்ல மனுஷன் வேலைய விட்டே போயிட்டாரு. அன்னிலேருந்து இதான் எங்க வழக்கம். கட்டு அங்க வந்துகிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார் அந்த அம்மா.

விடிந்தால் முகூர்த்தம். எனக்கு அந்த அம்மாமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கும்பகோணம் கடைக்காரரே கட்டைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவளே பிரித்தாள். என் பேப்பரை உதறியதும் பர்ஸ் தொப்பென்று விழுந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள் பாருங்கள், எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கும்பகோணத்திலேயே பிரித்திருந்து, அதில் பர்ஸ் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் பழி முழுக்க இவள் தலையில்தான் விழுந்திருக்கும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா பேசிட்டம்மா. காலைல நீ கல்யாணத்துக்கு வரணும்" என்றார். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாமாவே இலை போட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறினார்.

அந்த அம்மாவுக்கு எப்படி இத்தனை கடை என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். முகம் தெரியாத கூட்டம் திருடி என்று கை நீட்டியபோதும், எங்கோ தஞ்சாவூரில் இருந்துகொண்டு தன் கடைப் பெண்ணை விட்டுக்கொடுக்காத அந்தக் குரலைக் கேட்ட எனக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.