ஆவுளியாக் கறி

வைரவன் அடித்த அடியில் வேலுச்சாமியின் தாடை உடைந்தது. உடைந்ததைப் பார்த்தவள் நான், சத்தத்தையும் கேட்டவள். அதன்பிறகு இந்த வளைகுடாத் தீவுப் பல்கலைக்கழகத்தில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். அத்தனையும் சுத்தப் புளுகு. அந்த மனுசர் யாரென்று தெரிந்துகொண்டு பேசட்டும் முதலில்.

தொண்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். அரபு நாட்டு யான்புத் துறைமுகத்தில் கப்பல் பட்டறையில் இருந்தபோது ஃபோர்மேன் ஒருவன் இவர் தாயை இழுத்து வைதிருக்கிறான். ஸ்பேனரால் அவன் தோளெலும்பைப் பெயர்த்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறியவர். பிறகு இங்கே வந்து, கடலடி மண்ணைக் குழாய் இறக்கி எடுக்கும் எங்கள் ஆராய்ச்சிப் படகில் வின்ச் என்கிற பளுதூக்கி ஓட்டினார். வந்த வருஷமே தொழிலாளர் கேம்ப்பில் ஒருத்தன் பல்லைத் தட்டிவிட்டார். "இன்னொரு தடவை கை நீட்டினா கலாஸ், வேலை போச்சு" என்று எச்.ஆர். ஈசா சொல்லிவிட்டான். ஊரில் மகள் சந்தியா நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள், முடிக்க இன்னும் காலம் இருந்தது. அதிலிருந்து கோபம் வந்தால் படகுத்துறை ஜெட்டிக்குப் போய் அங்கே கட்டியிருக்கும் பழைய டயரை உதைப்பார். பாவம், அந்த டயர்.

என் வேலை கடலைப் பற்றி ஜனங்களுக்குச் சொல்வது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், தூதரக அம்மாமார்களுக்குச் சொல்கிறோம், படகில் சாகக் கிடக்கிற நம்ம ஆட்களுக்கு யார் சொல்வது? நான் இதே வளைகுடாவில், தேராவில் வாப்பாவின் கடை மாடியில் வளர்ந்தவள், சத்தம் போடத் தெரியும். போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்பில் தமிழில் பேச அனுமதி கிடைத்தது.

அப்போது விஷப்பாசி பூத்துக் கடல் செந்நிறமாகக் கிடந்தது, மீன்கள் செத்து மிதந்தன. "செத்து ஒதுங்கினது எதையும் தின்னாதீங்க. அந்த விஷம் முதல்ல உதட்டை மரத்துப்போக வைக்கும், அப்புறம் மூச்சை நிறுத்தும்" என்றேன். கூட்டம் பிரியாணிக்காக வந்திருந்தது. வேலுச்சாமி குறட்டையே விட்டான். வைரவன் மட்டும் முன்வரிசையில் வாயைப் பிளந்து கேட்டார். "காய்ச்சினாக்கூடப் போகாதா டாக்டரம்மா?" நான் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. போகாது என்றேன்.

சில நாளில் ஓர் ஆவுளியா செத்துக் கரை ஒதுங்கியது. கடல்பசு என்றும் சொல்வார்கள். சட்டம் காக்கிற உயிர், அதில் ஒரு துண்டை அறுத்தாலே இங்கே ஜெயில். எலும்பு பொதுமக்கள் கண்காட்சிக்கு, சதை பரிசோதனைக்கு என்று முடிவாகி, ஜெட்டியில் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அளவெடுக்க நானும் வைரவனும் பெட்டியைத் திறந்தோம். முதுகில் ஒரு பாளம் காணோம். நான் என்ன ஏதென்று யோசிப்பதற்குள் அவர் ஓடிவிட்டார். பெட்டியைக் கழுவுகிற வேலை வேலுச்சாமியுடையது. அவனுக்கும் வைரவனுக்கும் ஒரே ரூம். ஆவுளியாக் கறியின் ருசியைப் பற்றி வைரவன் அந்த ரூமில் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

நான் மூச்சிரைக்கக் கேம்ப் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது வைரவன் தட்டிவிட்ட குழம்புச் சட்டி பறந்தது. கொதிக்கிற குழம்பு அவர் முன்கையிலேயே கொட்டித் தோல் உரிந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தின்னியாடா?"

"அண்ணே, உனக்காகத்தாண்ணே ஆக்குனேன். உப்புப் பாக்க ரெண்டு துண்டு..."

வயிற்றில் ஒரு குத்து. அவன் மடங்கினான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "கக்குடா! கக்கு!" என்று வாய்க்குள் விரலை விட்டார். வேலுச்சாமி பயத்தில் கடித்துவிட்டான், விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. பல்லைத் திறக்க மாட்டேன் என்றான். அப்போதுதான் தாடையில் அந்த அடி விழுந்தது. விலக்க வந்த இரண்டு பேரை அடுப்பு மேடையில் தூக்கி எறிந்தார். உப்புத் தண்ணீரை ஊற்றி, முதுகில் முட்டியால் இடித்து, அவன் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். நான் பேசிய பேச்சு இப்படியா போய்ச் சேர வேண்டும், யா அல்லாஹ்!

செக்யூரிட்டி முஆத் வருவதற்குள் வைரவன் அந்த வெந்த கையாலேயே தரையைக் கழுவிவிட்டார். சட்டியும் கறியும் கடலுக்குள் போயின. முதுகில் அறுபட்ட இடத்தை, கால்நடை மருத்துவர் பரிசோதனை மாதிரிக்கு எடுத்தது என்று எங்கள் பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

விசாரணை அறை வாசலில் நான் சொன்னேன்: "உள்ளதைச் சொல்லுங்கண்ணே. உயிரைக் காப்பாத்தத்தான் அடிச்சீங்கன்னு நான் சாட்சி சொல்றேன். வேலை நிக்கும்."

"எனக்கு வேலை நிக்கும். அவன் ஜெயிலுக்குல்ல போவான்?"

"உங்க மக படிப்பு?"

"வாயத் தொறந்துராதீக. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்." அப்படிக் கெஞ்சுகிற முகம் அவருக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

உள்ளே ஈசா இந்தியில் கேட்டான், ஏன் அடித்தாய் என்று.

"உஸ்கா மூஞ்சி பசந்த் நஹி" என்றார் வைரவன்.

மூஞ்சி பிடிக்காமல் தாடையை உடைத்த காட்டுமிராண்டி என்று எழுதி, அன்றைக்கே விமானத்தில் ஏற்றினார்கள். நான் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றேன். கோபத்தில் ஈசாவின் மேஜையை எட்டி உதைக்கத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் வேலுச்சாமிக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அழுதான், அதையும் சரியாக அழ முடியவில்லை.

சதைப் பரிசோதனை முடிவு அடுத்த மாதம் வந்தது. விஷம் துளியும் இல்லை. ஏதோ படகின் விசிறி வெட்டிச் செத்திருக்கிறது, அவ்வளவுதான். சனியன், அந்தத் தாளைக் கிழித்தே போட்டிருப்பேன். ஆனாலும் அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. தொண்டிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, கறி சுத்தமா இருந்திருக்கு. வேலுச்சாமிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

வைவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அந்தப் பயகிட்டச் சொல்லிப்புடாதீக, டாக்டரம்மா" என்றார். "மறுபடி திம்பான்."