இருநூற்று எண்பது காட்டிய கிணறு

ஆரிஃபுக்குப் பொய் சொல்ல வராது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவனுக்கு அது பெரிய குறைதான். கிணத்துக்கடவிலிருந்து சூலூர் வரை பைக்கில் வீடு வீடாகப் போவான். சட்டைப் பையில் டிடிஎஸ் பேனா இருக்கும். அதை டம்ளர் தண்ணீரில் விட்டால், கரைந்திருக்கும் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். எண் ஆயிரத்தைத் தாண்டினால் மெஷின் மாட்டச் சொல்வான். ஐந்நூறுக்குக் கீழே வந்தால், "மெஷினே வேண்டாமுங்க, நல்ல தண்ணி. கொழந்தைக்குன்னா சுண்டக் காய்ச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவான். பிழைக்கத் தெரியாதவன் என்று பக்கத்துக் கடைக்காரனான நான் திட்டாத நாளில்லை.

அவன் குடியிருந்த தென்னந்தோப்பு வீட்டுக் கிணறு இருநூற்று எண்பது காட்டியது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

மகள் பிறந்து ஐம்பது நாள். தாய்ப்பால் போதாமல் மனைவி ரம்ஷா பவுடர் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்த ஆரிஃப், "தண்ணிய இன்னும் நல்லாக் காய்ச்சு" என்றான். அவளும் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். மறுநாள் நகமெல்லாம் நீலம். என் காரில்தான் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது.

"என்ன தண்ணி குடுக்கறீங்க?"

"நல்ல தண்ணிங்க. நானே பேனா போட்டுப் பாத்தனுங்க."

"பேனா மொத்த உப்பு எவ்வளவுன்னு சொல்லும். என்ன உப்புன்னு சொல்லாதுங்க. தென்னைக்குப் போட்ட உரம் கெணத்துல எறங்கி நைட்ரேட்டா இருக்கும். கைக்கொழந்தைக்கு அது ஆகாது, ரத்தம் பிராணவாயுவச் சுமக்காது."

"காய்ச்சித்தானுங்க குடுத்தோம்."

"காய்ச்சினா கிருமி சாகும். தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு எங்கீங்க போகும்? பாதியாச் சுண்டினா ரெண்டு மடங்காயிரும்."

ஆரிஃப் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரம்ஷா அவனைப் பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு நீல மருந்தை ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்து குழந்தை வீறிட்டது. எனக்கு உயிர் வந்தது. அவனுக்கு வரவில்லை. மெஷின் வேண்டாமென்று தான் சொல்லிவிட்டு வந்த சூலூர் வீடு ஒன்றின் எண்ணைச் செல்போனில் தேடினான்.

"பிரீத்திகாம்மா, மெஷின்காரன் ஆரிஃப் பேசறனுங்க. கொழந்தைக்கு இப்ப என்ன தண்ணி குடுக்கறீங்க?"

சூலூரிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. "நீங்க சொன்னாப்படியே சுண்டக் காய்ச்சித்தானுங்க."

"கொட்டிப்போடுங்க அம்மணி. வேற தண்ணி எடுத்துட்டு இப்பவே வாரேன்."

"ஏனுங்க, நீங்கதானுங்களே நல்ல தண்ணின்னு சொன்னீங்க?"