வெள்ளிமலைச் சாலையில் ஆளில்லாத குழந்தைகள் காப்பகம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. பெரியார் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், எனக்கு அது போதும். காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் பிடித்தேன். ஜன்னல் சீட்டு வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். நான் போகவில்லை, கச்சிராயபாளையம் வரை நின்றுகொண்டே போனேன்.

மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றுவிட்டது.

"என்னண்ணே, ரிப்பேரா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ரோடு போட்டுக்கினு இருக்காங்க சார். ஜல்லி லாரி நவுந்தாத்தான் நாம போவ முடியும். எறங்கிக் காலு நீட்டுங்க."

இறங்கினால் எதிரே புது பெயின்ட் அடித்த தகரக் கொட்டகை. மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு. மலைச் சாலையில் காப்பகமா! எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு தொட்டில்கள், கவர் பிரிக்காத ஒரு பந்து. ஒரு குழந்தையும் இல்லை. எனக்குச் சும்மா இருக்க வருமா? கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முருகேசனைப் பிடித்துக்கொண்டேன்.

"கவர்மென்ட் வேல சார். மலைப் பொம்பளைங்களுக்கும் வேல குடுக்கணும், அவங்களுக்கு பாத்ரூம், புள்ளைங்களுக்கு ஷெட்டு எல்லாம் இருக்கணும்னு ரூலு. கட்டியாச்சு. அவங்கதான் புள்ளைங்கள வுட மாட்டேன்றாங்க."

ஏனென்று அங்கே இரண்டு நிமிடம் நின்றாலே தெரியும். கொட்டகையை ஒட்டியே டிரம்மில் தார் கொதிக்கிறது. புகை நேராக உள்ளேதான் போகிறது.

"இங்க ஏன் கட்டினீங்க?"

"ஆபீசர் ஜீப்பு இங்கதான் சார் வந்து நிக்கும். எறங்கின ஒடனே கண்ணுல படணும் இல்ல?"

அடப்பாவி மனுஷா!

குழந்தைகள் எங்கே என்று தேடினேன். சாலைக்கு அந்தப் பக்கம், புகை வராத இடத்தில் ஒரு பலாமரம். அதில் நான்கு சேலைத் தூளிகள். பச்சைத் தூளி, அங்கே ஜல்லி சுமந்த செல்வி என்ற பெண்ணுடையது. ஜல்லிக் கூடையைக் கொட்டும்போதெல்லாம் அவர் கண் அங்கேதான் போனது.

"இந்த வேல போச்சுன்னா புள்ளயத் தூக்கிக்கினு மறுபடி கேரளா மொளகுத் தோட்டத்துக்குத்தான் போவணும்ங்க" என்றார். போன வருடம் அங்கேதான் இருந்தாராம்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் ஜீப் வந்தது. முருகேசன் சொன்ன அதே இடத்தில் நின்றது. இறங்கியவர் கொட்டகைக்குள் பார்த்துவிட்டு, "குழந்தைங்க எங்க?" என்றார்.

"சாப்பிடப் போயிருக்குதுங்க சார்" என்று முருகேசன் வாய் மூடவில்லை, பலாமரத்திலிருந்து ஒரு அழுகை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார் மனிதர். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாளையிலேருந்து புள்ள வெச்சிருக்கற பொம்பளைங்களே வேணாம் சார். வேற ஆளு போட்டுக்கறேன்."

செல்வி கூடையை இறக்கி வைத்தார். நேராக ஆபீசரிடம் வந்தார்.

"புள்ள வெச்சிருக்கறவங்களுக்குத்தானே சார் ஷெட்டு? எங்கள நிறுத்திட்டா ஷெட்டு யாருக்கு? நீங்களே உள்ள போயி செத்த நேரம் நின்னு பாருங்க."

ஆபீசர் போய் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"சாயந்தரம் நான் திரும்பி வர்றதுக்குள்ள இது அந்த மரத்தடியில இருக்கணும். குழந்தைங்களப் பாத்துக்க ஒரு ஆளும் இருக்கணும். ஒரு பொம்பளைய நிறுத்தினாலும் மேல ரிப்போர்ட் எழுதிடுவேன்" என்றார்.

லாரி நகர்ந்தது, எங்கள் பஸ்ஸும் கிளம்பியது. அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பாறை வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள். சாப்பாட்டை வெள்ளிமலையில் முடித்துக்கொள்ளுங்கள், அருவிக்குப் பக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. குளிக்கும்போதுகூட எனக்கு அந்தப் பச்சைத் தூளி நினைப்புதான். ஆபீசர் தலை மறைந்ததும் செல்வியை அனுப்பியிருந்தால்?

நாலு மணி பஸ்ஸில் மலையிறங்கினேன், இந்த முறை ஜன்னல் சீட்டு. பலாமரத்தடியில் தார்ப்பாய் கட்டியிருந்தது. போர்டைக் கம்பியால் மரத்திலேயே கட்டிவிட்டார்கள். செல்வி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார். அப்பாடா!

பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை போல. பச்சைத் தூளியை ஆட்டிக்கொண்டு முருகேசன் உட்கார்ந்திருந்தார். எங்கள் டிரைவர் ஹாரனில் கை வைத்ததும் துள்ளி எழுந்து, வாயில் விரல் வைத்து அவரை முறைத்தார்.

சாலை வேலை முடிகிற வரை அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் பலாமரம் வந்ததும் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போங்கள். அவ்வளவு பாடுபட்டுத் தூங்க வைத்திருக்கிறார்.