வாசலிலேயே சொல்லிவிடுகிறவர்

நோயாளி திரையை விலக்கிக் காலை உள்ளே வைப்பதற்குள் டாக்டர் சொல்லிவிடுவார். "தொண்டை." "வைரஸ்." "வாயு." அடுத்த நொடி பேனா ஓடும். மேஜைக்கு எதிரே ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் தன் பையை வைத்திருந்தார்.

ஆயிரம் பேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் பல்லாயிரம் பேரைக் கண்டவர், வாசலில்.

ஜனங்களுக்கு இது பிடித்திருந்தது. அடுத்த தெருவில் இன்னொரு டாக்டர் இருந்தார். எப்போதிலிருந்து, எங்கே, எப்படி என்று கேட்பார். படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். "எல்லாத்தையும் நாமளே சொல்லணும்னா அந்த ஆளு எதுக்குப் படிச்சாரு?" என்று அவரைக் கைவிட்டுவிட்டார்கள்.

தவறும் நடக்காமல் இல்லை. ஒருமுறை மனைவிக்குத் துணையாக வந்த கணவனைப் பார்த்து "வைரஸ்" என்று எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் மனைவிக்கு. டாக்டரே சொன்னால் இருக்கும் என்று கணவன் மறுக்கவில்லை. இருவரும் மாத்திரையைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் சரியாகிவிட்டது. இதையும் அவருடைய பெருமையாகவே சொன்னார்கள்: "வராத நோயையே கண்டுபிடிச்சவருப்பா."

பெரும்பாலான காய்ச்சல்கள் தாமாகவே போய்விடுகின்றன. டாக்டர்களின் புகழுக்கு அவை செய்த உதவியை வேறு எதுவும் செய்ததில்லை.

வீட்டிலும் அதே முறைதான். மனைவி அடுப்பருகே நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றால் நிலைப்படியிலிருந்தே "அசிடிட்டி" என்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு நெஞ்சை அடைத்தது. குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். இன்னும் குளிக்கவில்லை, பனியன் நனைந்திருந்தது. மனைவியைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"வாயு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துங்க?"

"அதான் வாயுன்னு சொன்னேன்ல."

"சரி, எப்ப இருந்து?"

"விடியக்காலைல இருந்து."

"எந்த இடம்? விரலை வச்சுக் காட்டுங்க."

விரல் போதவில்லை. உள்ளங்கை முழுவதையும் நெஞ்சின் நடுவில் வைத்தார்.

"அங்கேயே நிக்குதா, வேற எங்கயாச்சும் போகுதா?"

அவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பம் விட்டா குறையுதா?"

"இல்ல."

யாருக்கும் வாயில் வரக்கூடிய கேள்விகள்தான். ஆனால் ஒரு காலத்தில் இவற்றுக்கு இதே வரிசையில் பதில் எழுதித் தேறியவர் அவர். கடைசி வரியில் என்ன எழுத வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"போதும், கேக்காத."

"வாயுதானே? கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"ஆஸ்பிரின் எடு. ஆம்புலன்சைக் கூப்பிடு." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தார்: "சத்தம் போடாம வரச் சொல்லு. தெருவே பாக்கும்."

ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பதை இதய டாக்டர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர் திருந்தியிருந்தார். பையைத் தரையில் வைத்தார். வந்தவர்களை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டார். வரிசை வெயிலில் நின்று முணுமுணுத்தது.

"முன்னெல்லாம் பாத்த மாத்திரத்துல சொல்லுவாரு."

"நெஞ்சுல கை வச்சதுல மூளை போயிடுச்சோ என்னமோ."

"எனக்கு என்ன செய்யுதுன்னு என்கிட்டயே கேக்குறாருய்யா!"

மாதம் முடிவதற்குள் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. கேட்டால் ஆள் வரவில்லை. கேட்காமல் "வாயு" என்று எழுதப்போனால் நெஞ்சின் மேல் வைத்த தன் உள்ளங்கை ஞாபகம் வந்தது. பேனா நகரவில்லை.

"நீங்க கேக்காதீங்க," என்றாள் மனைவி. "நான் கேக்குறேன்."

அவர் பழையபடி பையை ஸ்டூலின் மேல் வைத்தார். அவள் பட்டாணிக் கூடையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, முகமே வாடிக் கிடக்கு? எப்ப இருந்து?"

"முந்தாநாள்ல இருந்து காய்ச்சல்க்கா."

"குளிர் தூக்கிப் போடுதா? முதுகுல வலி?"

"ஆமாக்கா, ஒரு பக்கமா."

"ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். "எரியுதுக்கா. அதை எப்படி அவர்கிட்ட..."

"சொல்லவே வேணாம். அவரே கண்டுபிடிச்சிருவாரு."

பட்டாணியை ஓரமாக வைத்துவிட்டு, டாக்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனாள். அவள் வெளியே வந்ததும் அந்தப் பெண் திரையை விலக்கினாள்.

"சிறுநீர்ல கிருமி. சிறுநீரகத்துக்கு ஏறிடுச்சு. டெஸ்டுக்குக் குடுத்துட்டு இன்னைக்கே மருந்தை ஆரம்பிங்க."

அந்தப் பெண் வாசலிலேயே கைகூப்பிவிட்டாள்.

செய்தி பரவியது. இடது கையைத் தேய்த்துக்கொண்டு வந்த டிரைவரை டாக்டர் திரைக்கு உள்ளே வரவே விடவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். பிழைத்து வந்த டிரைவர் ஊரெல்லாம் சொன்னார். வரிசை தெருமுனையைத் தாண்டியது. டாக்டரின் பெயர் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. இப்போது அதற்குத் தகுதியும் சேர்ந்திருந்தது, அடுத்தவருடையது.

அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு அவ்வப்போது நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். எப்ப இருந்து என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் அவள் டம்ளரோடு உள்ளே போனதும் பெஞ்சில் இருந்த இருவர் பேசிக்கொண்டார்கள்.

"மனுஷன் வாயைத் திறந்தா ஒரு சொல்லு. அந்தம்மா வாயை மூடுறதே இல்ல. எப்படித்தான் காலம் தள்ளுறாரோ!"

"அதை விடு. ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி உள்ள போகுதே, கவனிச்சியா?"

"ஆமா."

"சர்க்கரைதான். இங்க இருந்தே தெரியுது."