வியாழக்கிழமை வயிற்றுக்குத்தும் வேறு சில முறைப்பாடுகளும்

பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியராக இருப்பதென்றால், மணி அடித்து மற்ற ரீச்சர்மார் பெருமூச்சு விடுகிற நேரத்தில் உங்கள் வேலை தொடங்குகிறது என்று அர்த்தம். புவியியல் படிப்பிக்க வந்தவள் நான். ஒரு கிழமைப் பயிற்சிக்குப் பிறகு, வலிகாமத்திலுள்ள எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் மனநலத்தையும் அதிபர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். இதே பொறுப்பைச் சுமக்கிற ரீச்சர்மாரே, சேர்மாரே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல; தலையாட்டிக்கொண்டே வாசியுங்கள்.

என் முதல் சொற்பொழிவு

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி மன அழுத்தம் பற்றி உரையாற்றினேன். தகரக் கூரை, பங்குனி வெயில், இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு சின்னவள் எழும்பினாள். என் பேச்சு எங்கேயோ தைத்துவிட்டது என்று உள்ளுக்குள் பூரித்தேன்.

"ரீச்சர், மன அழுத்தம் எண்டா என்னெண்டு இப்ப நல்லா விளங்கீட்டுது. இனித் தண்ணி குடிக்கப் போகலாமோ?"

வாசலில் வரிசை

எனக்குக் கிடைத்தது பழைய விளையாட்டுச் சாமான் அறை. கதவில் 'ஆலோசனை' என்று பலகை ஏறியதும் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளே போனால் விசர், பைத்தியம் என்று பட்டம் வைப்பார்களாம். வலைப்பந்து அணித் தலைவியிடம் இதைச் சொன்னேன். அடுத்த நாள் இடைவேளைக்கு, எல்லாரும் பார்க்க, அணியையே கூட்டிக்கொண்டு வந்து இருந்தாள். தோற்ற போட்டியைப் பற்றி அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், போனார்கள். அதன்பின் எனக்குக் கதவு சாத்த நேரமில்லை. ஒருநாள் கணித சேர் எட்டிப் பார்த்தார்.

"என்ரை பாடம் தொடங்கினாத்தான் உங்கடை வாசலிலை லைன் நிக்குது ரீச்சர். உதுக்கு ஒரு ஆலோசனை சொல்லுங்கோவன்."

வியாழக்கிழமை வயிற்றுக்குத்து

ஐந்தாம் வகுப்பு நிலாவுக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் வயிற்றுக்குத்து. டொக்டர் சோதித்து, வயிற்றில் ஒரு பிழையுமில்லை என்றார். வியாழன்தான் புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சை நாள். அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடம், ரியூசன், வீட்டுப்பாடம், இன்னொரு ரியூசன். விளையாட்டு என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை.

பெற்றோரைக் கூப்பிட்டேன். "எல்லாப் பிள்ளையளும் போகுதுகள்தானே ரீச்சர்?" என்று தாய் கேட்டார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற தகப்பன் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். மகளின் எழுத்தை இரண்டு தரம் வாசித்தார். அந்தக் கிழமையே ஒரு ரியூசன் நின்றது. மாதம் முடிய முன்னம் வயிற்றுக்குத்தும் நின்றது. நிலா எத்தனை புள்ளி எடுத்தாள் என்று ஆட்கள் கேட்பார்கள், நான் சொல்வதில்லை. அன்றைக்கு எழும்பிப் போகும்போது தகப்பன் சொன்னதைத்தான் சொல்வேன்.

"வாழைக்குக்கூடத் தண்ணி கட்டிப்போட்டு நாலு நாள் சும்மா விடுறன் ரீச்சர். பிள்ளையை ஒரு நாளும் விடேல்லை."

ஐந்து பேனைகள்

துளசி பதினோராம் வகுப்பு, அதே வகுப்பு அபியின் உயிர்த்தோழி. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதம் இருக்கையில் ஓடிவந்து, ஐந்து நிறப் பேனைகளை என் மேசையில் வைத்தாள்.

"அபியின்ரை பேனையள் ரீச்சர். 'எனக்கு இனித் தேவைப்படாது, நீ வைச்சிரு' எண்டு தந்தவள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். நான் சொன்னது பிழையோ?"

"இல்லையம்மா. சொன்னதுதான் சரி. பேனையளைப் பத்திரமா வைச்சிரு."

அபியை அழைத்துவந்து பக்கத்தில் இருத்தினேன். சுற்றி வளைக்கவில்லை. "செத்துப்போகவேணும் எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். அதன்பின் ஒரு நிமிடமும் அவளைத் தனியே விடவில்லை. தாயைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக அன்றைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். ஓட்டோவில் தாய் மகளின் கையை விடவேயில்லை.

பிறகு வாடியது துளசி. "அவள் இனி என்னோடை கதைக்கமாட்டாள்" என்று தினமும் வந்து சொன்னாள். கதைப்பாள் என்று என்னாலும் உறுதி சொல்ல முடியவில்லை. பள்ளித் தவணை முடிய முன்னம் அபி திரும்பி வந்தாள், சிகிச்சை தொடர்ந்துகொண்டிருந்தது. காலைக் கூட்டம் முடிந்ததும் நேரே துளசியிடம் போய்க் கையை நீட்டினாள். வகுப்பு வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த விருதும் எனக்கு அந்தக் குரலுக்கு ஈடாகாது.

"என்ரை பேனையளைத் தாடி. சோதினைக்கு வேணும்."

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நல்லாய் நித்திரை கொள்ளுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிற நான், காலைச் சாப்பாட்டுப் பெட்டியை இன்றைக்கும் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.