யோயோவின் மர அச்சு

தையல்காரியான என் அத்தை விடுமுறை நாளெல்லாம் பழைய யோயோக்களைத் தேடி அலைவாள். நூல் சுற்றும் நடு அச்சுதான் அவளுக்கு முக்கியம். மர அச்சு உள்ள ஒன்று வந்திருப்பதாகப் பழைய சாமான் கடைக்காரர் சொன்னதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கழற்றிப் பார்த்தால், துளையைப் பெரிதாக்கிப் புது இரும்பு அச்சு மாட்டியிருந்தார்.

"மரம் தேஞ்சு கெடந்துச்சுக்கா. உங்களுக்காகத்தான் மாத்தினேன்."

"உன்னை யாரு மாத்தச் சொன்னா? பழசு எங்க?"

"குப்பையில. பேரன் எடுக்குற வயசுல விளையாட்டுச் சாமானுக்குச் சண்டையா?"

"உன் வாயைத் தைக்க என்கிட்ட ஊசி இருக்கு."

"படிச்ச பொண்ணு, நீயாவது சொல்லும்மா."

குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தைக்காக வெட்கப்பட்டேனோ?

அவள் குப்பைக்கூடையைக் கடை நடுவே கவிழ்த்தாள். தேய்ந்த மரத்துண்டு கிடைத்ததும், யோயோவை மேசையில் விட்டெறிந்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.